யானைக்குக் காவல் – அத்தியாயம் 11

யானை மறுபடியும் சர்வீஸ் சென்டரில் போய்ப் படுத்துக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். யானை என்றால் வீட்டு வண்டிதான். வெள்ளை நிற எஸ்.யூ.வி. வாங்கி வந்த அன்றே சின்னவன் சொன்னான். "அப்பா, இது வண்டி இல்ல, யானை. கட்டித் தீனி போட்டு மாளாது பாருங்க."

பெயர் நிலைத்துவிட்டது. தீனியும் நிலைத்துவிட்டது.

அம்மா ஆஸ்பத்திரியில் முதல் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாள். நேற்று மாலை டாக்டர் மூத்தவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். வலி கூடிக்கொண்டே போகிறது. இன்று மாலையிலிருந்து மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலும் தூக்கம்தான்.

"பேச வேண்டியவங்க அதுக்கு முன்னாடி வந்து பேசிடட்டும்" என்றார்.

பேச வேண்டியவர் ஒருவர்தான் பாக்கி. அப்பா. அம்மாவைச் சேர்த்த அன்று வார்டு வாசல் வரை வந்தவர், அதன் பிறகு மாடி ஏறவே இல்லை.

நேற்று வீட்டுக்கு வந்து மூத்தவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேச முடிவது இன்று மாலை வரைதான் என்பதையும் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார்.

"சரி, நீ பாத்துக்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சர்வீஸ்லேர்ந்து போன் வந்துச்சா?" என்று கேட்டார்.

காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மூத்தவள் ஆய்வகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்து நின்றாள். அவள் குடிநீர் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள்.

"டாக்ஸியில நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ப்பா. வண்டிய நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நாளைக்குன்னா? உங்கம்மாவ வீட்டுக்கு எதுல கூட்டிட்டு வர்றது? முன் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

வீட்டுக்குப் போவதைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. அப்பா அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. நாடா இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

அந்த நாடாதான் யானையையும் தேர்ந்தெடுத்தது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தாழ்ந்த காரில் உட்காரவும் எழவும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு ஷோரூமாகப் போனார். விற்பனைக்காரர்கள் மேல்கூரை திறக்கும் என்றார்கள், மலை ஏறும் என்றார்கள். அவர் குனிந்து, தரையிலிருந்து சீட் வரை அளந்துகொண்டிருந்தார். இந்த வண்டியின் முன் சீட் மட்டும் அம்மாவின் இடுப்புக்குச் சரியாக நின்றது. ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். திரும்பி உட்கார்ந்தால் போதும்.

"ஜாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு பாத்து அளந்ததில்ல நீங்க" என்றாள் அம்மா, முதல் நாள் அதில் உட்கார்ந்து. கடையில் தையல் அவள் பொறுப்பு. அப்பா அவளைக் கூப்பிடுவதே டெய்லரம்மா என்றுதான்.

அந்தச் சீட்டுக்காகத்தான் யானையை விற்க அவருக்கு மனம் வரவில்லை.

*

சர்வீஸ் சென்டருக்கு முன்பக்கம் கண்ணாடி மாளிகை. பின்பக்கம் தகரக் கூரை. சிரிப்பதெல்லாம் முன்னால், அழுவதெல்லாம் பின்னால்.

காத்திருக்கும் அறையில் காபி இலவசம். அந்தக் காபிக்கு அப்பா இதுவரை கொடுத்த விலையில் ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம் என்பது சின்னவனின் கணக்கு.

அவர்கள் உள்ளே நுழைந்ததும் காபி மெஷின் அருகில் நின்ற பெண் சிரித்தாள்.

"இன்னிக்கும் சக்கரை இல்லாமதானே சார்? உங்க சீட்டு காலியாத்தான் இருக்கு."

மூத்தவள் அப்பாவைப் பார்த்தாள். வண்டியை இங்கே விட்டதிலிருந்து, கடையில் தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தினமும் இங்கதான் இருந்தீங்களா?"

"பார்ட்ஸ மாத்திடுவானுங்கம்மா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்."

சுவரில் தொங்கிய டிவியில் இதே வண்டி ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. உச்சிக்குப் போனது. மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறியது.

சர்வீஸ் அட்வைசர் கழுத்தில் டையும் கையில் பில்லுமாக வந்தார். அப்பா பில்லை வாங்கிக் கடைசி வரியை முதலில் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை கன்ட்ரோல் யூனிட் சார். மாத்தியாச்சு."

"போன தடவை ஸ்டார்ட்டர்தான்னு அடிச்சுச் சொன்னீங்க."

"ஸ்டார்ட்டரும் வீக்காத்தான் இருந்தது சார்."

"அதுக்கு முன்னாடி பேட்டரி."

"பேட்டரியும் வீக் சார்."

"எல்லாமே வீக்குன்னா இந்த வண்டியில ஸ்ட்ராங்கா என்னதான் தம்பி இருக்கு? உங்க பில்லு ஒண்ணுதான்."

அட்வைசர் சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்.

"வாரண்டி முடிஞ்சிடுச்சு சார். இல்லேன்னா நானே பேசியிருப்பேன்."

"வாரண்டி இருக்கற வரைக்கும் எந்தக் கோளாறும் இல்லேன்னு எழுதி எழுதிக் கொடுத்தது யாரு? சரி, இது என்ன, வாட்டர் வாஷ்?"

"அது காம்ப்ளிமென்ட்ரி சார்."

"அப்ப பில்லுல எதுக்கு ஏறி உக்காந்திருக்கு?"

"ஷாம்பூக்கு மட்டும் சார்."

சண்டை வழக்கமான பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. மூத்தவள் மணியைப் பார்த்தபடி இருந்தாள். திடீரென்று அப்பாவின் குரல் தாழ்ந்தது.

"தம்பி, கோபப்படல. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. உண்மையில அதுக்கு என்னதான் ஆச்சு?"

"நாங்க ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறோம் சார்."

"எங்கேயிருந்து ஆரம்பிச்சுது? முன்னாடியே கொண்டு வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாமா?"

"சொல்ல முடியாது சார்."

"இனி நிக்காதுல்ல?"

"நூறு சதவீதம்னு யாராலயும் சொல்ல முடியாது சார்."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்? மறைக்காம சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

அட்வைசர் மூத்தவளைப் பார்த்தார். அவள் டிவியைப் பார்த்தாள். வண்டி இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் டாக்டரிடம் அப்பா ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

வண்டியை வெளியே கொண்டுவந்து, அவர்கள் கண் முன்னாலேயே எஞ்சினைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் சமர்த்தாகக் கிளம்பியது.

"இனி தைரியமா ஆஃப் பண்ணலாம் சார்" என்றார் அட்வைசர்.

*

தைரியமாக ஆஃப் பண்ணி வெகுகாலம் ஆகிவிட்டது.

அணைத்தால் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதுதான் யானையின் நோய். பெட்ரோல் பங்கில் நின்றிருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில், மாப்பிள்ளையின் காரை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் டோ வண்டி வந்து, மூக்கைத் தூக்கி இழுத்துப் போயிருக்கிறது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எங்கே போனாலும் எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் காவல் என்று பெயர்.

சின்னவனுக்குச் சட்டை எடுத்தபோது அப்பா காவல். கடைக் கண்ணாடிக்கு உள்ளிருந்து அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, இவர் வண்டிக்குள்ளிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் காவல் அம்மாவுடையது. முழங்கால் வலிக்கு அவளுக்கு அது வசதி. ஜன்னலை இறக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி வந்து ஏறும்போது அந்தத் தெருவின் கதை முழுக்கத் தயாராக இருக்கும்.

அம்மா படுத்த பிறகு காவல் அப்பாவுக்கு வந்தது. வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, காலையிலிருந்து மாலை வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மேலே போக முடியாது. போனால் எஞ்சினை அணைக்க வேண்டும், வண்டி நின்றுவிடும்.

இன்றும் அதே இடத்தில் நிறுத்தினார். வாட்ச்மேன் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், கொஞ்ச நாளா காணோம்?"

"வண்டிக்கு உடம்பு சரியில்ல" என்றார் அப்பா.

மூத்தவள் இறங்கி, அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்கப்பா."

"நீ போம்மா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"அதான் சரியாயிடுச்சே. ஆஃப் பண்ணிட்டு வாங்க."

"அங்க ஸ்டார்ட் ஆகும். இங்க ஆகாது. எத்தனை தடவை பாத்தாச்சு! உங்கம்மா கீழ வந்து நிக்கறப்ப டிக்குன்னா என்ன பண்றது?"

"அம்மா இன்னிக்குக் கீழ வரமாட்டாங்கப்பா."

அவர் துணியை எடுத்து, ஏற்கனவே கழுவித் துடைத்திருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ போ. ஏசி போட்டு வெக்கறேன். அவளுக்கு வியர்த்தா ஆகாது."

*

அம்மா விழித்திருந்தாள். பக்கத்தில் சின்னவன் தூங்காத கண்களோடு உட்கார்ந்திருந்தான்.

"காலையிலேர்ந்து கண்ணையே மூடல அக்கா. தூங்கினா நேரம் போயிடுமாம்."

அம்மா ஜன்னல் பக்கம் விரலை அசைத்தாள். "சத்தம் கேட்டுச்சு. வந்துடுச்சு போல."

"யாரும்மா?"

"ரெண்டு யானையும்."

ஜன்னல் திறந்திருந்தது. கீழே டீசல் எஞ்சின் கடகடவென்று ஓடும் சத்தம் மேலே வந்தது. மருந்து மேஜையில் இருந்த தம்ளருக்குள் தண்ணீர் லேசாக நடுங்கியது.

"நான் போய்க் கையப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்" என்று சின்னவன் எழுந்தான்.

"உக்காருடா. கீழ இருக்காருல்ல, போதும். இந்தச் சத்தம் இல்லாமத்தான் இத்தனை நாளா எனக்குத் தூக்கமே வரல."

"வண்டி சரியாயிடுச்சும்மா. ஆஃப் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க. இவர்தான் பண்ண மாட்டேங்கறார்" என்றாள் மூத்தவள்.

அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா? பயந்தாங்கொள்ளி. அடுத்தவங்களுக்கு ஊசி போட்டா இவர் உக்காந்துடுவார். நீ பொறந்தப்பவே அடுத்த தெருவுலதான் நின்னார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வண்டி கெட்டதும் நல்லதுக்குத்தான். ஒரு சாக்கு வேணுமில்ல அவருக்கு."

சின்னவன் அவள் போர்வையை இழுத்துச் சரி செய்தான்.

"வந்தா ஒண்ணு காட்டணும்னு இருந்தேன்" என்றாள் அம்மா.

"என்னம்மா? எங்ககிட்ட காட்டேன்."

"உங்களுக்குப் புரியாது. அவருக்குத்தான் புரியும்."

மதியம் போனது. சின்னவன் ஒருமுறை கீழே போய் வந்தான். "டிக்கெட் வாங்கி உக்காந்த மாதிரி உக்காந்திருக்கார். நான் சொல்லச் சொல்ல, கன்ட்ரோல் யூனிட் எப்படி வேலை செய்யும்னு எனக்குப் பாடம் எடுக்கறார்" என்றான். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வரப் போனான். வெகுநேரம் வரவில்லை.

வெயில் இறங்கத் தொடங்கியதும் நர்ஸ் வந்து அம்மாவின் கையில் ஊசி மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். "டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சதும் ஆரம்பிச்சுடுவோம்" என்றாள் மெதுவாக.

மூத்தவள் படியிறங்கினாள்.

அம்மாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்திருந்தார், ஓட்டிக்கொண்டிருப்பவர் போல.

"அப்பா, காலையில அந்த ஆளை அத்தனை கேள்வி கேட்டீங்களே. மேல வந்து டாக்டரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

அவர் நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"அங்க பதில் சொன்னா சண்டை போடலாம்மா. இங்க பதில் சொல்லிட்டா என்ன பண்றது?"

எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கையை நீட்டி, சாவியைத் திருப்பி உருவினாள்.

சத்தம் நின்றது. எங்கோ ஒரு கதவு சாத்தப்படுவதுகூடக் கேட்டது.

"என்னம்மா பண்ணிட்ட!"

"அம்மா மேலேர்ந்து இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுட்டிருந்தாங்கப்பா. தினமும். அது ஓடினா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம்." சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "இப்ப நின்னுடுச்சு. நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சுக்குவாங்க."

அப்பா அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். கதவைத் திறந்தார். அதைச் சாத்தக்கூட இல்லை. லிஃப்டுக்கு நிற்கவும் இல்லை. படிகளில் ஓடினார்.

*

"பாருடா... சத்தம் நின்னுடுச்சு" என்று அம்மா சின்னவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போயிட்டாரா பாரு."

"போகல டெய்லரம்மா."

அப்பா வாசலில் நின்றார். மூச்சு இரைத்தது. பின்னாலேயே வந்த மூத்தவள், அவர் விழுந்துவிடுவாரோ என்று முதுகில் கை வைத்தாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்க்கவில்லை. குழாய்களைத் தாண்டி, ஜன்னலில் போய் நின்றது அவர் பார்வை. நேராக அங்கே நடந்தார். திரையின் அடிப்பக்கத்தைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து நாடா வெளியே வந்தது.

"நாலு விரல் குட்டை" என்றார். "எவன் தைச்சான் இதை?"

அம்மாவின் முகம் முழுவதும் மலர்ந்தது. இத்தனை நாளில் அப்படி ஒரு சிரிப்பை மூத்தவள் பார்க்கவில்லை.

"இதைத்தான்... இதைத்தான் உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன். படுத்தா எனக்கு இதுதான் கண்ணுல படுது. மடிப்பும் கோணல், பாருங்க."

"கோணல்தான்."

"காலையில வெயில் அடியில பூந்து கண்ணுல அடிக்குது."

"என்கிட்ட ஏன் சொல்லி அனுப்பல? தைச்சுக் கொண்டு வந்திருப்பேனே."

"வந்து பாப்பீங்கன்னு இருந்தேன்."

அப்பா நாடாவைச் சுருட்டினார். அது சரியாகச் சுருளவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"அய்யோ. அப்ப வீட்டுக்கு எப்படிப் போறது?"

சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஸ்டார்ட் ஆகும். புதுசா என்னமோ போட்டிருக்கான்" என்றார் அப்பா. "உன் சீட்டு அப்படியேதான் இருக்கு."

நர்ஸ் தட்டோடு வந்தாள். அப்பா எழுந்து ஓடிவிடுவார் என்று மூத்தவள் நினைத்தாள். அவர் அசையவில்லை. ஊசியையே பார்த்தார்.

"இது போட்டா வலிக்காதில்லம்மா?"

"வலிக்காது சார்."

"அப்புறம் பேசுவாளா?"

நர்ஸ் குழாயை நேராக்கினாள். "நீங்க பேசுங்க சார். அவங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

மருந்து குழாய் வழியாக இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அம்மாவின் பேச்சு மெல்ல இடைவெளி விட்டு விட்டு வரத் தொடங்கியது. திரையைப் பற்றி ஏதோ சொன்னாள். கடைச் சாவியைப் பற்றிச் சொன்னாள். பிறகு நெற்றி சுருங்கியது.

"சத்தமே இல்லையே... தூக்கம் வர மாட்டேங்குது. போடச் சொல்லுங்க."

அப்பா நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தார்.

"நீ போய் ஸ்டார்ட் பண்ணும்மா. நான் இங்கயே இருக்கேன்."

அவள் கீழே போனாள். வண்டியின் கதவு அவர் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். முதல் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. அப்பா அங்கே வந்து நின்று, கீழே பார்த்தார்.

சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி திருப்பினாள்.

டிக்.

எஞ்சினை அணைத்தது அவள் கைதான். மறுபடியும் திருப்பினாள். மேலே பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பார்த்தாள்.

அப்பா அசையாமல் நின்றிருந்தார். பிறகு கையை வெளியே நீட்டி, ஜன்னலின் கண்ணாடிக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார். திரையையும் இழுத்துவிட்டார். அடியில் நாலு விரல் இடைவெளியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

திரையில் அவர் நிழல் கட்டில் பக்கம் குனிந்தது. அம்மாவின் காதருகே அவர் என்ன சொன்னார் என்பது கீழே இருந்தவளுக்குக் கேட்கவில்லை.